விட்ட இடம்

க்ரோனிங்கனில் அப்போது எங்கள் தட்டச்சுப்பொறிக்குக்
கிரேக்கம் தெரியாது.
லாம்டா வரும் இடங்களில்
இடைவெளிக் கட்டையை மூன்று முறை தட்டி நகர்வேன்.
பேராசிரியர் ஹார்ஸ்மா மாலையில் வந்து
சைக்கிள் கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
கறுப்பு மையில் நிரப்புவார்.

நீர் பனிக்கட்டியாகும் கணத்தைப் பற்றிய கட்டுரை,
பதினொரு பக்கம்.
வெளியே கால்வாய் இறுகியிருந்தது.
சறுக்கப் போகும் அவசரம் அவருக்கு;
கண் ஜன்னலில் எனக்கு.
ஒன்பதாம் பக்கத்தில் ஓர் இடம்
வெறுமையாகவே அச்சேறிவிட்டது.

கியோத்தோவில் ஒருவர் அதில் ஆல்ஃபா எழுதினார்.
கார்கிவில் ஒரு பெண் பூஜ்யம் போட்டாள்,
அவள் மாணவர்கள் இன்றும்
அந்தப் பூஜ்யத்தில்தான் பிழைக்கிறார்கள்.
விளக்கம் கேட்ட கடிதங்கள் நாற்பத்தேழு,
பிரித்து அடுக்கியவள் நான்.

"எதைப் போட்டாலும் சரியாக வருகிறது, கேஸ்கே.
நான் நினைத்தது என்னவென்றுதான்
நினைவில்லை."

அடக்கத்தன்று காபி, வெண்ணெய் கேக்,
எட்டு மொழிகளில் இரங்கல்.
அவர் பெயரில் ஒரு மாறிலி,
ஒரு சமனின்மை,
நிரூபிக்காத ஊகங்கள் சில.

வீட்டுக்கு வந்து
கார்பன் நகலை விளக்கருகே பிடித்து எண்ணினேன்.

ஒன்பதாம் பக்கத்தில்
நான் தட்டியிருந்தது
ஒரே முறை.