பென்சில் தேதி

தேதியை மட்டும் பென்சிலில் எழுதுவேன்.
பெயருக்குப் பேனா.
ரத்த வகைக்கென்று சிவப்புப் பேனா ஒன்று இருந்தது,
மை தீர்ந்தபின் வாங்கவில்லை.

பெரியாஸ்பத்திரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை.
ரேஷன் கார்டு, காப்பீட்டுத் தாள் நகலெடுக்க வந்தவர்கள்
மெஷின் கண்ணாடியில் கையை ஊன்றி
"யக்கா, ஏ நெகட்டிவ் எங்க கிடைக்கும்?" என்று
என்னைத்தானே கேட்டார்கள்.
அப்படித்தான் இந்த நோட்டு.

முதல் வருஷம் நம்பரை எழுதிக் கிழித்துக் கொடுத்தேன்.
ரத்தம் கொடுத்துவிட்டு செல்லூர் போய்ச் சேர்ந்த பர்வீனை
பதினோரு நாள் கழித்து
ராத்திரி ஒன்றே காலுக்குக் கூப்பிட்டான் ஒருவன்,
நன்றி சொல்ல.
மறுநாளும் நன்றி.
அதற்கடுத்த நாள், சாப்பிட்டாயா என்று.
அவள் சிம்மை உடைத்துப் போட்டதில்
என் கையெழுத்தும் இருந்தது.

இப்போது நோட்டு கல்லாவுக்குள்.
நான்தான் கூப்பிடுவேன்.
கொடுப்பவர் நேரே ரத்த வங்கிக்கு,
படுத்திருப்பவர் வார்டில்,
நடுவில் யாருக்கும் யார் முகமும் தெரிய வேண்டியதில்லை.

வாசல் மரத்தடியில் நிற்கிற கோட்டைச்சாமி
ஒருநாள் டீ வாங்கித் தந்தான்.
"நோட்ட ஒரே ஒரு காப்பி போடு தாயி,
பக்கத்துக்கு ஐநூறு."
என் கடையில் பக்கத்துக்கு ஒன்றரை ரூபாய்தான் என்றேன்.
டீக்காசை எண்ணி மேசையில் வைத்தேன்.

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை
உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண், இரண்டாம் பிரசவம்,
பி நெகட்டிவ்.
நோட்டில் நான்கு பேர்.
ஒருவர் துபாயில்.
ஒருத்திக்கே மூன்று மாசம்.
ஜனார்த்தனன் கொடுத்து நாற்பது நாள்தான்;
"பரவால்லக்கா, வர்றேன்" என்றார்.
பென்சில் தேதி விடவில்லை.

மிச்சம் அருளானந்து, வெங்காய மண்டி லோடுமேன்.
தொலி ஒட்டிய சட்டையோடு ஓடி வந்தான்.
ரத்த வங்கிப் படிவம் என்னிடம் எப்போதும் கட்டாக இருக்கும்.
வாசித்துக் காட்டச் சொன்னான்.
காமாலை? இல்ல.
மலேரியா? இல்ல.
குடிச்சிருக்கியா? இன்னைக்கு இல்ல.
பச்சை குத்தியதுண்டா, இந்த ஒரு வருஷத்தில்?

மேல் பித்தானைத் தொட்டான். கழற்றவில்லை.
"அழகர் இறங்குன அன்னைக்கு
ஆத்துக்குள்ள குத்துனேங்க்கா. மக பேரு."

வெளியே அந்தப் பெண்ணின் புருஷன்
செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்,
ஏனென்று அவருக்கே தெரியாது.
சட்டைக்குள் இருப்பதை யார் பார்க்கப்போகிறார்கள்?
எனக்கும் ஒரு நொடி தோன்றியது.
சொல்லிவிடுகிறேன், தோன்றியது.
அருளானந்துதான் படிவத்தை
மெதுவாக என் பக்கம் தள்ளினான்.

போகவில்லை அவன்.
என் சார்ஜரில் போனைச் சொருகிக்கொண்டு
மண்டி மண்டியாகக் கூப்பிட்டான்:
"டேய், ஒன் ரத்தம் என்ன வகைண்டு தெரியுமாடா?"
திட்டினார்கள். சிரித்தார்கள்.
பதினாறாவது ஆள், பூண்டுக் கடைக் கணக்கர்,
ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.
எல்லாக் கேள்விக்கும் இல்லை.

விடியுமுன் ஆண் குழந்தை என்று
யாரோ வந்து சொல்லிப் போனார்கள்.

கொடுக்காமல் திரும்பிய ரத்தத்துக்கு
நோட்டில் கட்டம் இல்லை.
அவன் பெயருக்கு நேரே
"அடுத்த சித்திரை கழித்து" என்று எழுதினேன்,
பேனாவால், இருந்த நீலத்தில்.

அந்த மகள் பேர் என்னவென்று
கேட்க மறந்துவிட்டேன்.