இருபத்து மூன்றாவது வளை

வெள்ளாற்றில் வத்தம்.
பரங்கிப்பேட்டை முகத்துவாரச் சேறு வெளுக்க
கொடுக்குகள் எழுந்தன.

ஒரு கை உண்ண.
மற்றது உடம்பைவிட நீளம்,
அடித்துக்கொள்ளவும் ஆட்டவும் தவிர
எதற்கும் ஆகாது.
வாசலுக்கு ஒருவனாக நின்று
வா, வா, வா.

அவள் வந்தாள். நோட்டை விரித்தேன்.
முதல் வளை: திரும்பியும் பார்க்கவில்லை.
நான்கு: பாதி உடம்பு உள்ளே, பிறகு பின்வாங்கல்.
ஒன்பதில் இறங்கியே விட்டாள்;
அவன் பின்தொடரத் திரும்புவதற்குள்
ஏறி, பத்தாவதுக்குப் போய்விட்டாள்.

"இதுல சிலது பொய்க் கை" என்றேன்.
சண்டையில் உதிர்ந்தால் மறுபடி முளைக்கும்,
அதே நீளம், உள்ளே சதை கம்மி.
படகுக்காரர் கலியவரதன் தன் இடக்கையைப் பார்த்தார்,
இன்ஜின் இரண்டு விரல் தின்ற கை.
"பொய்யா முளைச்சாலும் போதும்மா."
அப்புறம் கொஞ்ச நேரம்
சேறு மட்டும் பேசியது, நொறுநொறுவென்று.

போன் அதிர்ந்தது.
தரகர் அனுப்பிய மூன்றாவது மாப்பிள்ளை:
கறுப்புக் கண்ணாடி, காரில் சாய்ந்த முழங்கை,
பாண்டிச்சேரி நம்பர் பிளேட்
நன்றாகத் தெரியும்படி.

இருபத்து மூன்றில் இறங்கினாள்.
சின்னக் கொடுக்கு. நிஜமா, பொய்யா,
என் பைனாகுலருக்குத் தெரியவில்லை.
கீழே அவள் எதை அளந்தாளோ, வெளியே வரவில்லை.
அவன் ஆட்டுவதை நிறுத்தினான்.
ஒரு சேற்றுருண்டையை இழுத்து
உள்ளிருந்தே வாசலை அடைத்தான்.

ஏத்தம் கணுக்காலைத் தொட்டபோது
தரகருக்கு எழுதினேன்:
வீட்டுக்குள்ள எடுத்த படம்
ஏதாவது இருக்கா?