கீழ்த்தாடை, இடது பக்கம்

பாரி நகரில் ஒரு பல்லுக்குக் கேட்ட காசில்
கடலைத் தாண்டினால் இரண்டு பல் கட்டலாம்,
கப்பல் டிக்கெட் போக மிச்சத்தில்
மீனும் சாப்பிடலாம் என்றான் என் மைத்துனன்.
சிரித்தும் காட்டினான்.
கழிவறைப் பீங்கானின் வெள்ளை.
அந்த நிறம் மட்டும் வேண்டாம் என்று
முடிவு செய்துகொண்டு கப்பலேறினேன்.

நாற்பது வருடம் ரொட்டி சுட்டவன்.
என் அடுப்பில் வெந்த தராலி வளையத்தை
நானே கடிக்க முடியாமல்
ஒயினில் ஊறவைத்துத் தின்றேன்,
மனைவி பார்க்காத நேரமாக.
பல் போன இடத்தை நாக்கு விடவில்லை.
பூட்டினோமா என்று திரும்பத் திரும்ப வந்து
கதவை இழுத்துப் பார்க்கிறவன் மாதிரி.

துர்ரஸ் துறைமுகத்தில்
என் பெயரைத் தப்பாக எழுதிய அட்டையோடு ஒரு பையன்.
வேனில் ஏழு பேர்.
ஏழு பேரும் வாயைத் திறக்கவில்லை.

"எலும்பு கொஞ்சம்தான் இருக்கிறது, சவேரியோ.
போதும்" என்றாள் டாக்டர் வியோல்ட்சா.
எங்கள் தெருக்காரி போல இத்தாலியன்.
எங்கே படித்தீர்கள் என்றேன்.
டிவியில், ஆன்டெனாவை உங்கள் கரைக்குத் திருப்பிவைத்து.
பாட்டு, பந்தயம், விளம்பரம்.
முக்கியமாகப் பற்பசை விளம்பரம்.

ஊசி.
உதடு வேறு யாருடையதோ ஆயிற்று.
பக்கத்து வீட்டுச் சுவரில்
துளை போடுவதுபோல ஒரு சத்தம்,
சுவர் நான்தான்.
"பாரிக்கு ஒருமுறை வந்திருக்கிறேன்" என்றாள்,
இரண்டு கையும் என் வாய்க்குள் இருக்க.
"ஏழு வயது. ஆகஸ்ட்.
கப்பலில் அப்பாவின் தோள்மேல்தான் இடம்.
எல்லோரையும் ஒரு மைதானத்தில் போட்டு அடைத்தார்கள்.
இன்னும் அகலமாக.
மதிலுக்கு மேலிருந்து ரொட்டி விழுந்தது.
கல் மாதிரி. கடித்தேன்.
ஆடிக்கொண்டிருந்த முன்பல்
அதிலேயே நின்றுவிட்டது.
தேடுவதற்குள் ரொட்டி கைமாறிப் போயிற்று.
அந்த வாரமே திருப்பி அனுப்பினார்கள், பல்லை விட்டுவிட்டு."
சிரித்தாள். முகக்கவசம் அசைந்தது.

அந்த ஆகஸ்ட் எனக்குத் தெரியும்.
நகராட்சி வண்டி வந்து கடை வாசலில் நின்றது.
எங்கே போகிறதென்றும் தெரியும்.
சூடாக இருந்ததை உள்ளே நிறுத்திவைத்து
நேற்று மிஞ்சியதை ஏற்றினேன்.
பில்லில் புதுசின் விலை.
எங்கள் ஊரில் ரொட்டிக்கடைகள் நிறைய,
என்னுடையதாக இருக்க வேண்டுமென்பதில்லை.

ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.
வாய் அவளிடம் இருந்தது.
"அசையாதீர்கள்."
சின்னச் சாவி, திருகு, இன்னொரு திருகு.
க்ளிக் என்றதும் நிறுத்தினாள்.
பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னாள்.
கடித்தேன்.

நாலு மாதம் காத்திருக்க வேண்டும்.
உள்ளே எலும்பு மெல்ல வந்து
டைட்டானியத்தைப் பற்றிக்கொள்ளுமாம்.
வெளியிலிருந்து வந்ததென்று அதற்குத் தெரியாதா?
"தெரியும் என்றுதான் நினைக்கிறேன்" என்றாள்.
"கேட்பதில்லை."

அந்த நாலு மாதமும்
கஞ்சியும் சூப்புமாகக் குடித்துக்கொண்டு
என் வாய்க்குள் நடப்பதைக் கவனித்தேன்.
ஒன்றும் கேட்கவில்லை.

நவம்பரில் மறுபடி கடல்.
கிளம்புகிற நாள் காலை
விற்றுவிட்ட என் கடையில் கெஞ்சி அடுப்பு வாங்கி
ஒரு பெரிய ரொட்டி சுட்டேன்.
இரவெல்லாம் கப்பலில் மடிமேல் வைத்திருந்தேன்.
என்ன சொல்வதென்றும் ஒத்திகை பார்த்தேன்,
மூன்று விதமாக.

என் நிறத்திலேயே பல்.
ஐம்பது வருடக் காப்பியையும் சேர்த்து.
அவள் ரொட்டியைக் காதருகே பிடித்து
மேலோட்டைத் தட்டிப் பார்த்தாள்.
"இன்றைக்குச் சுட்டதா?"

பல் போனால் சொல் போகும் என்பார்கள்.
பல் வந்த பின்னும்
ஒரே ஒரு சொல்தான் வந்தது.
"நேற்றையது" என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
பிறகு நீலத்தாளை எடுத்து
புதுப் பல்லின்மேல் வைத்தாள்.
"கடியுங்கள்."