ஏழரை மணி

கட்டோவிட்சே. வெளியே பனிச்சேறு.
அவர்களுடைய டிரம்ஸ்
மழைக்கு மூடிய கார்போல நிற்கிறது கறுப்புத் துணிக்குள்.
அதற்கு முன்னால் மிச்சமுள்ள ஆறடியில்
நாங்கள் மூவர்.

பாதி விளக்கு. பாதிச் சத்தம்.
இருபத்தெட்டு நிமிடம்.
இருபத்தொன்பதானால் கரண்ட் போய்விடும் என்றார்
மேடை மேலாளர், சிரிக்காமல்.

பீர் தளும்ப, இருக்கை எண் தேடுகிறார்கள்
பத்தாயிரம் பேர்.
முதல் வரிசைக்காரன் கொட்டாவி விடுகிறான்,
அவன் பனியனில் அவர்கள் நால்வரும்
எங்களை முறைக்கிறார்கள்.
மூன்றாவது பாட்டில் யாகோடாவின் கிட்டார் தந்தி அறுந்தது.
அறுந்ததோடே வாசித்தாள்.
ஒருவருக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் பார்த்தேன்.
திரையோரம், கழுத்தில் துண்டு,
ஆவி பிடித்துச் சிவந்த முகம்.
என் பதினான்கு வயதுச் சுவரில்
நான்கு குண்டூசியில் நின்றவர்.
தொடையில் தாளம் போடுகிறார்.
எங்கள் தாளமில்லை அது.
தன் முதல் பாட்டை ஓட்டிப் பார்க்கிறார்,
உதடு அசைய,
பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி.

பதற்றத்தில் வேகமாக முடித்துவிட்டோம்.
ஒரு நிமிடம் மிச்சம்.
அதை என்ன செய்வதென்று யாரும் சொல்லவில்லை.

விளக்கு அணைந்ததும்
அரங்கமே எழுந்து கத்தியது,
அவர்கள் வந்துவிட்டார்களென்று.
இருட்டில் நான்
குனிந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.