இடது மரை

ஜின்னிங் மில் ஏலத்தில் அந்தப் பழைய அம்பாசடரை
நான் எடுத்த அன்று
அண்ணன் போனில் கேட்டது ஒரே வரி:
"உனக்கென்ன, மரை கழண்டு போச்சா?"

கழலவில்லை.
அதுதான் இப்போது பிரச்சினை.

திம்பம் இறக்கத்தில்
மிதித்த பிரேக் ஒரு பக்கம் பிடித்தது
மறுபக்கம் காதில் வாங்கவில்லை.
கரும்பு லாரிக்குக் காத்து நின்ற யானை
என்னைத் திரும்பிப் பார்த்து
கரும்பில்லை என்று விட்டுவிட்டது.

சத்தி ரோட்டில் சர்புதீன் பட்டறை.
டிரம்மைக் கழற்றினால் பிரேக் கட்டை
தாளித்த கத்தரிக்காய் மாதிரி எண்ணெயில் மினுங்குகிறது.
ஆக்ஸிலை உருவினார்.
உள்ளே எட்டு மூலை நட்டு;
மூலை என்று சொல்ல மூன்றுதான் மிச்சம்.
மற்றதை உளி தின்றிருந்தது.

டார்ச் அடித்துக் கல்வெட்டுப் போல வாசிக்கிறார்:
"இது நேர் உளி, பவானிப் பக்கத்துக் கை.
இது ராத்திரி வேலை, ஆளுக்குத் தூக்கம்.
இது..."
டார்ச் அணைந்தது.
தட்டினார். எரிந்தது.
"இது நானுங்க, அம்மணி."

அப்போது வண்டி கறுப்பு.
அவருக்குப் பதினாறு வயசு.
முதலாளி சாப்பிடப் போன நேரம்
நாலடிக் குழாயைச் சொருகித் தொங்கியிருக்கிறார்.
இடது பக்கத்துக்கு இடது மரை என்று
யாரும் சொல்லவில்லை.
கழட்டுறேன் கழட்டுறேன் என்று
இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார்.
அப்புறம் உளி.
அப்புறம் துணி போட்டு மூடி
"எல்லாம் சரிங்க."

கணபதியில் லேத் வைத்திருக்கும் சுலோச்சனா
புதுசாய் ரெண்டு கடைந்து தந்தாள்.
பார்த்தால் ரெட்டைப் பிள்ளைகள்.
மாறிவிடும் என்று
இடதுக்கு மட்டும் தன் கைப்பையிலிருந்து
நெயில் பாலிஷ் எடுத்து ஒரு பொட்டு.

வலது பக்கம் ஸ்பேனருக்கு மரியாதையாய் வந்தது.
இடதைச் சூடு காட்டி, ஓட்டை போட்டு,
பிளந்துதான் எடுத்தோம்.
ஒரு மணி நேரம்; ஒரு டீ;
ஒரு கெட்ட வார்த்தை, அதுவும் என்னுடையது.

புது நட்டு விரலிலேயே ஏறியது.
கடைசி இறுக்கத்துக்கு
அவர் கை வலப்பக்கம் ஒரு அங்குலம் போனது.
நின்றது.
திரும்பி வந்து இடப்பக்கம் தள்ளியது.
வாஷர் காதை மடிக்கும்போது
மூச்சே விடவில்லை அந்த மனுஷன்.

பில்லில் வலது பக்கம் கூலி இருந்தது.
இடது பக்கத்துக்கு ஒரு கோடு.

இதென்ன கணக்கு என்றேன்.
எனக்குக் கணக்கெழுதுவதுதான் பிழைப்பு;
வெறும் கோட்டை நான் விடமாட்டேன்.
"அது பழைய பாக்கிங்க" என்றார்.

நோட்டை நீட்டினேன்.
வலது கையெல்லாம் கிரீஸ்.
இடது கையை நீட்டி
மன்னிச்சுக்கங்க என்று சொல்லி
வலது பக்கத்துக் காசை மட்டும்
எண்ணி எடுத்துக்கொண்டார்.