நீல மூடி

நவம்பர் இருபத்தொன்றோடு சூரியன் கிளம்பிவிட்டது.
ஹம்மர்ஃபெஸ்டில் யாரும் அதைத் தேடுவதில்லை.
சனவரிக் கடைசியில் வரும்.
வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

அதிகாலை நான்கு மணி. ஒத்முன்த் எழுந்தார்.
சமையலறை விளக்கைப் போடவில்லை,
வெளிச்சம் என் கட்டில்வரை வரும் என்று.
மூன்று நாளாக என்னோடு பேசாத மனிதர்
இந்தக் கரிசனத்தை மட்டும் விடவில்லை.

கண்புரை எடுத்து ஐந்து வாரம்.
எரிந்தால் ஒரு சொட்டு, வலது கண்ணுக்கு.
சன்னல் விளிம்பைத் தடவினார்.
சின்ன வெள்ளைக் குப்பி, கூர்மூக்கு, நீல மூடி.
அதை ஒட்டினாற்போல் இன்னொன்று:
அதே வெள்ளை, அதே மூக்கு, அதே நீலம்.
மரம், பீங்கான், ரப்பர், நொடியில் பிடிக்கும் என்று
எறும்பு வாசிக்கிற அளவில் எழுதியிருந்தது.

அண்ணாந்தார்.

கண்ணை இமை காக்கும் என்பார்கள்.
காத்தது.
சொட்டு தொடுமுன் பாதி மூடிக்கொண்டது.
மீதியைப் பசை மூடியது.

"குட்வெய்க்!"
மூன்று நாளில் அவர் வாயில் வந்த முதல் சொல்
என் பெயர்.

குழாயடியில் அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன்,
பிடிபட்ட மீனைப்போலக் கனத்தது.
தொலைபேசியில் ஒரு பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள்:
வெதுவெதுப்பான தண்ணீர், நிறையத் தண்ணீர்,
தேய்க்காதீர்கள், இழுக்காதீர்கள், உடனே கிளம்புங்கள்.
பனியில் வண்டியை நான்தான் ஓட்டினேன்.
இரண்டாம் கியரிலேயே.

மருத்துவர் இங்கா-எல்லெ
ஒட்டிய இமைமயிர்களை ஒவ்வொன்றாக வெட்டினாள்.
"இந்த வருடம் நீங்கள் நான்காவது ஆள்.
ஒருத்தி நகப்பசை,
ஒரு பையன் மின்சிகரெட் சாறு,
ஒரு மீனவர் தன் நாயின் காதுமருந்து."
"நாய் எப்படி இருக்கிறது?" என்றார் ஒத்முன்த்.
கருவிழியில் கீறல். ஆறிவிடும் என்றாள்.

சண்டை படகைப் பற்றியது.
விற்கலாம் என்றேன். அவர் மேசையைத் தட்டினார்.
என் கோப்பை விழுந்து காது உடைந்தது.
ஒட்டியவள் நான்.
ஒட்டிய பசையைச் சன்னலில் வைத்தவளும் நான்.
அதை அவர் கேட்கவில்லை.
நான் சொல்லவில்லை.

ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் பிடிபடாது.
காபியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றுகிறார்.
கோப்பையை நகர்த்தி
விழும் இடத்தில் வைக்கிறேன்.
ஒட்டிய காது தாங்குகிறது, இதுவரை.

பசையைப் படகின் கருவிப்பெட்டிக்கு அனுப்பியாயிற்று.
மருந்துக் குப்பிக்குச் சிவப்புக் கம்பளிநூல் கட்டியிருக்கிறேன்.
அப்படியும் ஒவ்வொரு வேளையும்
குப்பியை விளக்குக்குக் கீழே திருப்பி,
பெயரை, அளவை, காலாவதித் தேதியை
உரக்க வாசிக்கிறேன்.
எங்கள் வீட்டில் இப்போது நடக்கும்
நீளமான பேச்சு அதுதான்.

அண்ணாந்தபடி,
நல்ல கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே,
"இன்னொரு தரம் வாசி" என்கிறார்.