கத்திரி

கத்திரி வெயில் தொடங்கிய அன்று
பேரணாம்பட்டில் கரண்ட் இல்லை.
தகரக் கூரை மாடியறையில்
கைபேசி மட்டும் விழித்திருந்தது.
ஒற்றை நட்சத்திரம்.
பஞ்சாங்கத்து அக்னி நட்சத்திரத்துக்காவது
இருபத்தைந்து நாளில் நிவர்த்தி உண்டு.

ஆங்கிலத்தில் நான்கு வரி.
பர்ஸில் தோல் நாற்றம் அடிக்கிறது.
படத்தில் பார்த்த பழுப்பு இது இல்லை.
பயன்படுத்தவே இல்லை, திருப்பி அனுப்புகிறேன்.
கொரியர்காரன் மாடி ஏறி வரவில்லை.

நான்காவது வரிக்கும் நான்தான் பொறுப்பு.
நாக்பூரில் அவர் வீட்டு மாடிப்படி
எத்தனை என்றுகூட எனக்குத் தெரியாது.

நான்கு புள்ளி மூன்று
நான்கு புள்ளி ஒன்றானது.
தேடுகிறவர்களின் முதல் பக்கத்திலிருந்து
ஏழாம் பக்கத்துக்குக் குடிபெயர்ந்தோம்.
அங்கே ஆள் வருவது
பாலாற்றில் தண்ணீர் வருகிற மாதிரி.

மிஷினை நிறுத்திவிட்டு எஸ்தர் கேட்டாள்,
"என்னக்கா எழுதியிருக்காங்க?"
"கலர் மாறிப்போச்சாம்."
"அதுக்கா இவ்ளோ நீளம்?"

சொன்னேன்.
சிரித்தாள்.
"தோலு தோல் வாசனை அடிக்காம
மல்லியப்பூ வாசனையா அடிக்கும்?"
ஊசி மறுபடி இறங்கியது,
பாதித் தையலில் சிரிப்பு நின்றுவிட்டது.
தொழிற்சாலை ஷிஃப்ட் முடிந்து ஏறும்
குடியாத்தம் பஸ்ஸில்
பக்கத்து சீட் காலியாகவே வந்த வருஷங்கள்
அவளுக்கு உண்டு.
துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு
முன்சீட்டுக்கு நகர்ந்த பெண்களில்
நானும் ஒருத்தியாக இருந்திருக்கலாம்.
அவளும் கேட்டதில்லை.

இரவு பதில் எழுத உட்கார்ந்தேன்.
முதல் பதிலில்
பிளாஸ்டிக் பர்ஸ் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தேன்.
அழித்தேன்.
இரண்டாவதில் பட்டை ஊறிய தண்ணீர்,
வெயிலில் மாறும் நிறம்,
கேமரா செய்யும் துரோகம்
எல்லாம் விளக்கினேன்.
எழுத்து எண்ணிக்கை தாண்டிவிட்டது என்றது பெட்டி.
மூன்றாவதில் கெஞ்சியிருந்தேன்.
அதை அழிக்கத்தான் ரொம்ப நேரம் ஆனது.

கடைசியில் போனது இதுதான்:
'தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.
தஸ்லீமா, விற்பனையாளர்.'
அந்த 'றோம்' என்பதற்குள்
நான், எஸ்தர்,
தவணை முடியாத ஒரு தையல் மிஷின்.

பதினோராம் நாள் பர்ஸ் திரும்பி வந்தது.
வந்த செலவு தொண்ணூற்று நான்கு ரூபாய்,
என் கணக்கில்.

பயன்படுத்தவே இல்லை.
ஆனால் வளைந்திருந்தது,
பின்பாக்கெட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து
ஓர் இடுப்பு கொடுத்த வளைவு.
உள்மடிப்பில் ஏடிஎம் அட்டையின் மேடெழுத்துகள்
இடவலம் மாறிப் பதிந்திருந்தன.
ஏழு, ஒன்று, ஒன்று,
அடுத்தது மூன்றோ எட்டோ.
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன்.
எஸ்தர் விரலால் தடவினாள்.
"அச்சு எவ்ளோ சுத்தமா விழுந்திருக்கு பாருங்க,
நல்ல தோலுக்கா இது."

ஆறு படம் எடுத்து அனுப்பினேன்.
பத்தே விநாடியில் பதில்.
'இந்தக் கருத்து எங்கள் விதிகளை மீறவில்லை.
இந்த உதவிக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?'

ஐந்து வெற்று நட்சத்திரங்கள் வரிசையாக.
முதலாவதன் மேல் என் கட்டைவிரல்
அப்படியே நின்றது.
அந்தப் பக்கம் யாரோ இருக்கலாம்,
என் ஒற்றைக்குச் சம்பளம் பிடிபடும் ஒரு பெண்.
யாருமே இல்லாமலும் இருக்கலாம்.
வெயிலில் திரை தானாக மங்கி
அணைந்தது.
எழுப்பவில்லை.

எஸ்தர் பர்ஸுக்கு விலை பேசினாள்.
"இருநூறு, சம்பளத்துல கழிச்சுக்குங்க."
வேண்டாம், சும்மா எடுத்துக்கோ என்றேன்.
"செகண்ட் ஹேண்டுதானக்கா, நூத்தம்பதாவது."

மூக்கருகே கொண்டுபோனாள்.
முகம் சுளித்தாள்.
"அந்தாளு சென்ட்டு.
என்னா நாத்தம்."

ஜன்னல் கட்டையில்
வாயைப் பிளந்து
கத்திரி வெயிலில் காய வைத்தாள்.